அம்பு விழும் இடம் தெரியும் வெளிச்சம்





நோன்புப் பெருநாள் கழிந்து புதிய மாணவர் சேர்க்கை தொடங்கிய வாரத்தில், ஒரு சகோதரி தம் மகனை ஓத வைப்பதற்காக நமது மதரஸாவுக்கு அழைத்து வந்தார். பாட நேரம், தங்குமிடம், உணவு என எல்லாவற்றையும் விசாரித்து முடித்தபின் சற்றுத் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், வியாழக்கிழமை சாயங்காலம் கேமராவைத் தூக்கிக்கிட்டு மான், பறவையெல்லாம் படம் எடுக்கப் போவீங்களாமே. பெரிய பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போவீங்கன்னு சொன்னாங்க. போறது தப்பில்லை. தொழுகை தவறிடாதே?"

அந்தக் கேள்விக்கு "தவறாது" என்று உடனே கூற நமது நாவு எழவில்லை. ஏனெனில் ஒருமுறை தவறியிருக்கிறது. அவரிடம் அன்று சுருக்கமாகக் கூறியதை இங்கே விரிவாக எழுதுகிறோம். பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது என்று எண்ணுகிறோம்.

கேமரா வந்த கதை

நாம் வசிப்பது வேதாரண்யம் பகுதியில். தெற்கே சிறிது தூரம் சென்றால் கோடியக்கரை. தமிழகக் கடற்கரை வடக்கு தெற்காக நீண்டு வந்து, சட்டென்று மேற்கே திரும்பும் மூலை அது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரை நீளும் உப்புச் சதுப்பு. வெளிமான்களைக் காப்பதற்காக 1967ஆம் ஆண்டு அங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் அது சேர்ந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களின் காலந்தொட்டு, வலசை வரும் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராயும் பணி அங்கே நடந்து வந்திருக்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும், நாற்பது வயது வரை நாம் அந்தக் காட்டை ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் வழிகாட்டியாகப் போய்வருவதோடு சரி.

நமது மச்சான் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியபோது, தாம் பயன்படுத்திய கேமராவையும் 70-300 லென்ஸ் ஒன்றையும் நம்மிடம் கொடுத்துச் சென்றார். சில மாதங்கள் அது அலமாரியிலேயே கிடந்தது. ஓதிக்கொடுக்கும் ஒருவர் கையில் கேமரா இருப்பதில் நமக்கே கூச்சம் இருந்தது. உயிருள்ளவற்றின் உருவத்தை அமைப்பது குறித்து ஹதீஸ்களில் வந்துள்ள எச்சரிக்கை சாதாரணமானதன்று. கேமராவால் எடுக்கும் படம் அந்த எச்சரிக்கைக்குள் அடங்குமா என்பதில் ஆலிம்கள் நூறாண்டுக்கு மேலாகக் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ (ரஹ்) அவர்கள், இது புதிதாக உருவம் படைப்பதன்று, விழுந்த நிழலைப் பிடித்து வைப்பது என்னும் கருத்தில் தனி நூலே எழுதினார்கள். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீஉ (ரஹ்) அவர்கள் அதைக் கையால் வரைவதோடு சேர்த்தே தடுத்தார்கள். நாம் முஃப்தி அல்ல. இந்தக் கட்டுரையில் தீர்ப்புக் கூறவும் வரவில்லை. உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மைப் பொறுத்தவரை, எடுத்த படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை, தொழும் அறையில் வைப்பதில்லை, மனிதர்களைக் குறிவைப்பதில்லை என்று மூன்று வரம்புகளை வைத்துக்கொண்டோம். முதலில் வானமும் நீரும் மட்டுமே எடுத்தோம். பிறகு ஒருநாள் அந்த நீரில் பூநாரைகள் வந்து இறங்கின. அதற்குமேல் கேமராவைத் திருப்பிக்கொள்ள மனம் வரவில்லை.

இன்னொன்றையும் இங்கே கூறிவிடுகிறோம். 'கேமரா' என்பது 'கமரா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று நம்மவர்கள் பெருமையாகப் பகிர்வதுண்டு. அது சரியன்று. வளைவுக் கூரை கொண்ட அறையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே அது. நமக்குப் பெருமை வேண்டுமென்றால் உண்மையிலேயே போதுமான அளவு இருக்கிறது. ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள், கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று நிறுவினார்கள். இருட்டறையின் சிறு துளை வழியே விழும் பிம்பத்தையும் ஆராய்ந்தார்கள். அதே 11ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் இப்னு முஆத் அல்ஜய்யானி (ரஹ்) அவர்கள் அந்தி வெளிச்சத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதி, தொடுவானத்துக்குக் கீழே சூரியன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு காற்று மண்டலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். தொழுகை நேரத்தை அறியத் தொடங்கியவர்கள் வானத்தின் உயரத்தை அளப்பது வரை சென்றிருக்கிறார்கள்.

நிழலும் நேரமும்

மாலைப் படம் எடுக்கத் தொடங்கியபின்தான், ஆண்டுதோறும் நாம் நடத்தி வந்த 'தொழுகை நேரங்கள்' பாடம் நமக்கே விளங்கிற்று என்று சொன்னால் மிகையாகாது. ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது நமது மத்ஹபில் அஸர் தொடங்குகிறது. அதன் பிறகுதான் வெளிச்சம் சாய்ந்து விழத் தொடங்குகிறது. நண்பகலில் தட்டையாகத் தெரிந்த புல்வெளி, ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு நிழல் பெற்று மேடு பள்ளமாக எழுந்து நிற்கிறது. சூரியன் மஞ்சளிக்கும் வரை அஸரைத் தள்ளிப்போடுவது வெறுக்கத்தக்கது என்று படிக்கிறோம் அல்லவா? அந்த மஞ்சள்தான் படமெடுப்போர் தேடித் திரியும் பொன்னொளி. ஆகவே புறப்படும் முன்பே அஸரை முடித்துவிடாதவருக்கு இந்த வேலையில் முதல் அடியே சறுக்கும்.

நமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குகிறது. வட நாடுகளில் இருப்பதுபோல அந்தி மணிக்கணக்கில் தயங்கி நிற்பதில்லை. சூரியன் மறைந்தபின் முதல் இருபது நிமிடங்களில், ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகக் குறைகிறது. மஞ்சள் வெயிலில் 1/1000 நொடியில் ஓடும் மானைப் பிடிக்கலாம். சூரியன் மறையும் தருணத்தில் ஐஎஸ்ஓவை 1600க்கு உயர்த்தி 1/400 நொடி கிடைக்கும். இருபது நிமிடம் கழித்து ஐஎஸ்ஓ 6400 வைத்தாலும் 1/12 நொடிதான். அந்த வேகத்தில் மான் தலையைத் திருப்பினால்கூடப் படத்தில் அது புகையாகிவிடும்.

கேமரா தானாகச் செய்யும் கணக்கை இந்நேரத்தில் நம்பக் கூடாது. செந்நிறத்தைக் குறை என்று கருதி அது வெளுப்பாக்கிவிடும். ஆதலால் வெள்ளைச் சமநிலையைப் பகல்வெளிச்சத்தில் நிறுத்த வேண்டும். இருண்ட தரையைப் பார்த்துவிட்டு வானத்தையும் வெளிறச் செய்யும். ஆதலால் வானத்தைக் கொண்டே அளவெடுக்க வேண்டும். அப்போது மான் கரிய நிழலுருவாக வரும். கொம்பின் முறுக்கும் காதின் மடிப்பும் மட்டுமே தெரியும். முக்காலிக்குப் பதிலாக, அரிசி நிரப்பிய ஒரு துணிப்பையை வண்டி இருக்கையின் மேல் வைத்து அதில் லென்ஸைச் சாய்த்துக்கொள்வோம். ஃப்ளாஷ் ஒருபோதும் கூடாது. அவ்வளவு தூரத்துக்கு அது எட்டாது என்பது ஒருபுறம் இருக்க, இருளுக்குப் பழகிய அந்த உயிர்களின் கண்ணைக் கூசச் செய்வது அநியாயம்.

கால்நடைகள் மாலையில் திரும்பும்போதும் காலையில் மேயச் செல்லும்போதும் அவற்றில் மனிதருக்கு அழகு இருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகிறான். அங்கே மாலை முதலிலும் காலை பின்னரும் சொல்லப்பட்டிருப்பதை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். கோடியக்கரையில் ஆளற்றுத் திரியும் குதிரைகள் வயிறு நிறைந்து, புழுதியைக் கிளப்பியபடி பொன்னொளிக்குள் நடந்து திரும்புவதைப் பார்த்த அன்றுதான் அந்த வரிசையின் பொருத்தம் நம் உள்ளத்தில் தைத்தது.

அந்த மாலை

அது ஜனவரி மாதத்தின் ஒரு வியாழக்கிழமை. ஹிஃப்ழு வகுப்பில் இருந்த பதினைந்து வயது மாணவர் ஒருவர், தம் வாப்பாவிடம் அனுமதி பெற்று நம்முடன் வந்திருந்தார். குறைவாகப் பேசுபவர். பறவைகளின் மீது அவருக்கு அப்படி ஒரு ஈடுபாடு. பறக்கும்போது சிறகை விரிப்பதும் மடக்குவதும் குறித்து அல்முல்க் அத்தியாயத்தில் வரும் இடத்தை, உள்ளான் கூட்டத்தைக் காட்டித் தாமே நினைவுபடுத்துவார்.

வனத்துறையினர் குறித்த நேரத்துக்குள் சரணாலயத்திலிருந்து வெளியே வந்துவிட்டோம். திரும்பும் வழியில், எல்லையை ஒட்டிச் சாலையிலிருந்தே தெரியும் புல்வெளியில் வண்டியை நிறுத்தினோம். சூரியன் மறைவு 6.07. கைபேசியில் பாங்கு ஒலித்தது. அதே நேரத்தில் சீமைக் கருவேலம் புதரை விலக்கிக்கொண்டு ஓர் ஆண் வெளிமான் வெளியே வந்து நின்றது. முறுக்கிய நீண்ட கொம்பு, கரிய முதுகு, வெண்ணிற வயிறு. அதன் பின்னால் சதுப்பு நீர் முழுவதும் ரோஜா நிறத்தில் கிடந்தது.

"ஹஜ்ரத், பாங்கு சொல்லியாச்சு" என்றார் மாணவர்.

"ரெண்டு நிமிஷம்" என்றோம்.

அவர் தோளில் தொழுகை விரிப்பு இருந்தது. கையில் தண்ணீர்ப் போத்தல். நாம் அரிசிப்பையில் லென்ஸைச் சாய்த்துக் குனிந்திருந்தோம். மான் பத்தடி நடந்தது, நின்றது. மீண்டும் நடந்தது. வெளிச்சம் குறையக் குறைய நாம் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போனோம். மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மனம் சமாதானம் கூறிற்று. அது பொய்யுமன்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் எகிப்துக் காலத்துக் கருத்தின்படி, மஃரிபின் நேரம் உளூச் செய்து தொழுது முடிக்கும் அளவுக்கே உரியது. இராக் காலத்து முந்தைய கருத்தின்படி, செவ்வானம் மறையும் வரை அது நீள்கிறது. இமாம் நவவி (ரஹ்) போன்றோர் இந்த விஷயத்தில் முந்தைய கருத்தையே வலுவானதாகக் கொண்டார்கள். இத்தனை விளக்கமும் நமக்குத் தெரிந்திருந்ததுதான் அன்றைய ஆபத்து. அறியாதவராக இருந்திருந்தால் பாங்கு கேட்டவுடன் எழுந்து நின்றிருப்போம்.

6.32க்குக் கடைசிப் படம். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. புல்லில் பாம்பு இருக்கக்கூடும், ஊருக்கே போய் பள்ளிவாசலில் தொழுதுவிடலாம் என்று கூறி வண்டியைக் கிளப்பினோம். சில நிமிடங்களில் பின் சக்கரம் பஞ்சர். அப்போதேனும் சாலையோரத்தில் விரிப்பை விரித்திருக்கலாம். "பக்கத்துல கடை இருக்கு, தள்ளிட்டுப் போயிடுவோம்" என்றோம். பக்கம் என்று எண்ணியது நெடுந்தூரமாக நீண்டது. பஞ்சர் கடையின் விளக்கு கண்ணில் பட்டபோது, வாடைக்காற்றில் மிதந்து இஷாவின் பாங்கு வந்தது. மேற்கே திரும்பிப் பார்த்தோம். சிவப்பின் சுவடே இல்லை.

பயணி என்னும் சலுகையும் நமக்கில்லை. அன்று நாம் கடந்தது சேர்த்துத் தொழ அனுமதிக்கும் தூரமன்று. பள்ளிவாசலின் ஓரத்தில் இருவரும் மஃரிபைக் களாவாகத் தொழுதோம். ஸலாம் கொடுத்தபின் மாணவரிடம் மெல்லக் கேட்டோம்: "நீங்க அங்கேயே தனியாத் தொழுதிருக்கலாமே?"

அவர் தலை குனிந்தபடி கூறினார்: "நீங்க இமாமத் செய்வீங்கன்னு நின்னேன் ஹஜ்ரத்."

பதிவாகியிருந்த நேரம்

அன்றிரவு படங்களைக் கணினியில் ஏற்றினோம். கேமரா ஒவ்வொரு படத்துடனும் அது எடுக்கப்பட்ட நேரத்தையும் பதிந்து வைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். 6.08, 6.09, 6.12, 6.15 என்று வரிசையாக இருந்தன. இரண்டு நிமிடம் என்று நாம் சொன்னது எவ்வளவு நேரம் என்பதற்கு நமது கையாலேயே எழுதிய சாட்சி. வலமும் இடமும் அமர்ந்து எழுதுவோரைப் பற்றி எத்தனையோ பயான் செய்திருக்கிறோம். அன்று கணினித் திரைக்கு முன் அமர்ந்திருந்தபோது வியர்த்தது.

பெரும்பாலான படங்கள் கலங்கியிருந்தன. ஆனால் 6.19க்கு எடுத்த ஒன்று மட்டும் கலங்கவில்லை. 1/50 நொடியில், அந்த மான் கொம்பை உயர்த்தி அசையாமல் நிற்கிறது. பின்னால் ரோஜா நிற நீர். அதற்கும் அப்பால் பூநாரைகள் ஒரே கோடாகப் பறக்கின்றன. நாம் எடுத்தவற்றிலேயே மிகச் சிறந்த படம் அதுதான். தவறு செய்துவிட்டு எடுத்ததெல்லாம் வீணாயிற்று என்று எழுத முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை பயானுக்குப் பொருத்தமாக அமைந்திருக்கும். நடந்தது அப்படியில்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது மாணவரின் வாப்பா காத்திருந்தார். மீன் வியாபாரம் செய்பவர். கோபம் ஏதுமில்லாமல் பேசினார்: "ஹஜ்ரத், பையன் நேத்து ராத்திரி தூங்கவே இல்லை. என்னடான்னு கேட்டதுக்கு மஃரிபு களாவாயிடுச்சுன்னான். ஏன் களாவாச்சுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறான். நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. வண்டி பஞ்சராச்சுன்னு மட்டும் சொல்றான்."

பஞ்சர் என்னும் வாசல் நமக்காகத் திறந்தே இருந்தது. அந்தப் பிள்ளை நம் கண்ணியத்தைக் காப்பதற்காக அதைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே நுழைந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஓரிரு கணங்கள் நாம் நின்றது உண்மை. பிறகு, "உங்க பிள்ளை மேல தப்பில்லை. நான்தான் படம் எடுத்துக்கிட்டே நின்னுட்டேன். அவர் ஞாபகப்படுத்தினார், நான் கேக்கலை" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அவன் உங்களை விட்டுக்கொடுக்கலை ஹஜ்ரத்" என்று மட்டும் கூறிவிட்டு ஸலாம் சொல்லிப் போனார். அந்த ஒரு வாக்கியம் திட்டுவதைவிடக் கனமாக இருந்தது.

சனிக்கிழமை வகுப்பில் மாணவர்கள் அனைவரின் முன்பாகவும் நடந்ததைக் கூறினோம். செய்த பாவத்தை விளம்பரம் செய்யலாகாது என்பதை அறிவோம். ஆயினும் நமது செயலால் ஒரு மாணவரின் தொழுகை தவறியிருந்தது. 'ஆசிரியர் தாமதித்தால் நாமும் காத்திருக்கலாம்' என்னும் தவறான பாடம் அவர் வழியாகப் பிறரிடம் சென்றுவிடக் கூடாது. ஆதலால் ஒன்றை அழுத்தமாகக் கூறினோம்: நேரம் வந்துவிட்டால் உஸ்தாதுக்காகவும் காத்திருக்க வேண்டாம். நினைவூட்டுங்கள். கேட்கவில்லையென்றால் நீங்கள் தொழுதுகொள்ளுங்கள். அது மரியாதைக் குறைவாகாது.

ஏழு நிமிடத்தின் விலை

அதற்குப் பிறகு இரண்டு மாதங்கள் கேமராவைத் தொடவில்லை. அதை விற்றுவிடலாம் என்றுகூட எண்ணினோம். வீட்டில் மனைவிதான் ஒரு கேள்வி கேட்டார்: "கேமராவா உங்களைத் தொழ விடலை?" மானைக் குற்றம் சொல்வதற்கில்லை, கேமராவையும் சொல்வதற்கில்லை. 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று சொன்னது நமது நஃப்ஸுதான். அதை விற்க முடியாதே.

ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்களுடன் மஃரிபைத் தொழுதுவிட்டுத் திரும்பும்போது, எய்த அம்பு விழும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்குமாம். மஃரிபை எவ்வளவு விரைந்து தொழுதார்கள் என்பதற்குச் சான்றாகவே இதுவரை அதை நடத்தி வந்தோம். இம்முறை அதை வாசித்தபோது அதில் ஒரு வெளிச்சத்தின் அளவு இருப்பது புலப்பட்டது. தொழுத பிறகும் அம்பு விழும் இடம் தெரிகிறது. அப்படியானால் தொழுத பிறகும் படம் எடுக்கும் வெளிச்சம் இருக்கத்தானே வேண்டும்?

மீண்டும் சென்றோம். இம்முறை ஒழுங்கை மாற்றிக்கொண்டோம். அஸரை ஜமாஅத்தில் முடித்து, உளூவுடன் புறப்படுவது. சூரியன் மறைவதற்கு ஐந்து நிமிடம் முன்பே காய்ந்த, உறுதியான தரையைத் தேர்ந்து விரிப்பை விரித்துவிடுவது. சூரியனின் மேல் விளிம்பு மறைந்ததும் லென்ஸை மூடிவிடுவது. உடன் வரும் மாணவர்களில் ஒருவர் பாங்கு சொல்ல, அங்கேயே ஜமாஅத். மூன்று ரக்அத் பர்ளுக்கு ஏழு நிமிடம் ஆகிறது. கேமரா கணக்கில் வெளிச்சம் இரண்டு முறை பாதியாகிறது. 1/400 நொடி 1/100 நொடியாகிவிடுகிறது. அவ்வளவே விலை.

இழப்பு இல்லையென்று கூறமாட்டோம். மான் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது வெறும் புல்வெளியே எஞ்சியிருந்த நாட்கள் பல. ஆனால் வானத்தைப் பொறுத்தவரை நாம் முன்பு அறியாத ஒன்றை அறிந்தோம். சூரியன் மறைந்த உடனே செம்மை மங்குகிறது. பலரும் அத்துடன் முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். காற்றில் தெளிவு இருக்கும் நாட்களில், பதினைந்து இருபது நிமிடம் கழித்து மேற்கே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இரண்டாம் ஒளி ஒன்று எழும்புகிறது. அந்தியின் மிக ஆழமான நிறம் அதுவே. அல்இன்ஷிகாக் அத்தியாயத்தில் அல்லாஹ் சத்தியம் செய்யும் ஷஃபக் என்னும் அந்திச் செவ்வொளியை, தொழுதுவிட்டு எழுந்து நின்று நிதானமாகப் பார்க்கக் கிடைப்பது தனி நிம்மதி.

இன்னொரு விந்தையும் உண்டு. நமது பகுதியிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் சூரியன் ஏறக்குறைய அதே திசையில்தான் மறைகிறது. குளிர்காலத்தில் கிப்லாவுக்கு நன்றாக இடப்புறம் தள்ளி மறைகிறது. ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நின்று தொழுதால், சூரியன் விலகிப் போவதையும் திரும்பி வருவதையும் காணலாம். அது எங்கே சென்றாலும் ஸஃப்பு மட்டும் திரும்புவதில்லை. சிறு பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் ஆர்வத்துடன் கேட்கிறார்கள்.

குடும்பத்துடன் செல்வோருக்கு

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட விரும்பும் பெற்றோருக்குச் சில குறிப்புகள். வலசைப் பறவைகளைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியும் நேரமும் முக்கியம். உப்புச் சதுப்பு மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். பாதையை விட்டு விலக வேண்டாம். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. அதில் தப்பிய உயிர்களை, ஒரு படத்துக்காக விரட்டிக் களைக்கச் செய்வது நமக்கு ஆகுமானதன்று. பறவைகளும் விலங்குகளும் நம்மைப் போன்ற சமூகங்களே என்னும் இறைவசனத்தின் கருத்தைப் பிள்ளைகளுக்கு அங்கேயே எடுத்துரையுங்கள். தலையை உயர்த்தி அவை நம்மைக் கவனிக்கத் தொடங்கினால் அதற்குமேல் ஓரடியும் எடுத்து வைக்க வேண்டாம்.

பெரிய கேமரா தேவையில்லை. கைபேசியே போதும். திரையில் வானத்தின் பிரகாசமான இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். கையை வாகனத்தின் மீதோ கம்பத்தின் மீதோ ஊன்றிக்கொள்ளுங்கள். பையில் முதலில் வைக்க வேண்டியவை தொழுகை விரிப்பும், உளூவுக்கான தண்ணீரும், கைவிளக்கும். ஒரு குச்சியை நட்டுப் பிள்ளைகளையே அஸர் நிழலை அளக்கச் சொல்லுங்கள். சூரியன் மறைந்ததை முதலில் காண்பவர் பாங்கு சொல்லட்டும். தந்தை படம் எடுப்பதில் மூழ்கியிருந்தால் "வாப்பா, நேரமாச்சு" என்று கூறும் உரிமையை வீட்டிலேயே அவர்களுக்குக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.

அந்த மாணவர் இப்போது ஹிஃப்ழு முடித்து, வேறு ஊரில் மேற்படிப்பு ஓதுகிறார். விடுமுறையில் வந்தபோது அந்த 6.19 படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு ஹஜ்ரத்" என்றார். போட்டிக்கு அனுப்பும்படி மச்சானும் பலமுறை வற்புறுத்திவிட்டார். அனுப்பவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. இது தக்வாவா பலவீனமா என்று கேட்டால், பலவீனம் என்றே கூறுவோம். எப்போதாவது அதைத் திறக்கும்போது, மானின் கொம்பைவிட அதன் கீழே பதிவாகியிருக்கும் நேரம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

மகனைச் சேர்க்க வந்த சகோதரியிடம் இதைச் சுருக்கமாகக் கூறி, "முடிவு உங்களுடையது" என்றோம். சேர்த்துவிட்டுச் சென்றார். போகும்போது மகனிடம் கூறியது நம் காதில் விழுந்தது: "ஹஜ்ரத்கூடப் போ. நேரமானா நீ சொல்லு."

யா அல்லாஹ்! எங்கள் பார்வையை உன் அத்தாட்சிகளைக் காணும் பார்வையாக ஆக்குவாயாக. அவற்றின் அழகு உன்னை மறக்கச் செய்யாமல் காப்பாயாக. எங்களை நம்பி நிற்கும் பிள்ளைகளின் தொழுகை எங்களால் பாழாகாமல் பாதுகாப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.